ஒரு அறை, ஒரு ஓர்க், ஒரு பெட்டி போதும்

பத்துக்குப் பத்து அடி அறை. நடுவில் ஒரு ஓர்க், அதாவது கற்பனைக் கதைகளில் வரும் முரட்டு அரக்கன்; அதன் காலடியில் ஒரு பெட்டி. இது முழு சாகசமா, இல்லையா? பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதைக்குள் புகுந்து ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டை ஆடுபவர்கள் இதை வைத்தே சிரிக்கச் சிரிக்கச் சண்டை போடுவார்கள். "அடி, எடு, கிளம்பு. இதில் கதை எங்கே?" என்பது ஒரு கட்சி. நான் எதிர்க்கட்சி.

முதல்முறை கேம் மாஸ்டராக, அதாவது கதையை நடத்துபவராக, உட்காருகிறீர்களா? இதிலேயே தொடங்குங்கள். ஆனால் அந்த ஓர்க் ஏன் அங்கே நிற்கிறது என்று ஒரே ஒரு வரி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பெட்டிக்குள் இருப்பது அதன் தம்பியின் வாள், தம்பி வருவான் என்று காத்திருக்கிறது என்று வையுங்கள். கதவைத் திறந்ததும் "யார், தம்பியா?" என்று அது கேட்கட்டும். கத்தியை உருவியவர்கூட ஒரு நொடி நிற்பார். கதை அங்கேதான் பிறக்கிறது.

ஓர்க்கின் மனநிலையைப் பகடையிடமே விடலாம். இந்த விளையாட்டின் 1981-இல் வந்த பேசிக் பதிப்பில் இதற்கு அருமையான விதி உண்டு. இரண்டு ஆறுமுகப் பகடைகளை உருட்ட வேண்டும். கூட்டுத்தொகை 2 என்றால் உடனே பாயும், 12 என்றால் நட்போடு வரவேற்கும். 6 முதல் 8 வரை வந்தால் என்ன செய்வதென்று தெரியாமல் தயங்கும். எனக்கு மிகவும் பிடித்தது அந்தத் தயக்கம்தான், ஏனென்றால் ஆடுபவர்கள் பேசத் தொடங்குவது அப்போதுதான்.

அறைக்கு இன்னொரு கதவும் வரைந்துவிடுங்கள். அதன் பின்னால் என்ன இருக்கிறது என்பதை அடுத்த வாரம் யோசித்துக்கொள்ளலாம்.