எலும்புக்கூடு நடந்துவிட்டால் வேலை முடிந்ததா?

உடலசைவிலிருந்து மூட்டு, தசை விசைகளைக் கணக்கிடும் ஓப்பன்சிம் மென்பொருளில், கேமராக்களால் எடுத்த ஒருவருடைய நடைப்பதிவை முதன்முதலாக ஏற்றி, திரையில் எலும்புக்கூடு நடப்பதைப் பார்க்கும்போது வரும் மகிழ்ச்சியே தனி. இயங்கும் தசை சிவக்கிறது, ஓய்ந்த தசை நீலமாகிறது. ஆள் அப்படியே நடப்பதுபோல இருக்கிறது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2007 முதல் இலவசமாகக் கிடைக்கும் இந்த மென்பொருளுக்கு ஒரு குணம் உண்டு. எதைக் கொடுத்தாலும் ஏதோ ஒரு விடையைத் தந்துவிடும். குப்பையைக் கொடுத்தாலும் எலும்புக்கூடு நடக்கும். நடை ஆய்வகத்தில் மாணவர்களோடு உட்கார்ந்து நான் கண்ட தவறுகளில் பெரும்பாலானவை, அந்த நடையை ரசித்துக்கொண்டிருந்த நேரத்தில் தப்பிப் போனவை.

நான் ஏற்றிய முதல் பதிவில் எலும்புக்கூடு மல்லாந்து படுத்தபடி காற்றில் கால் வீசியது. எங்கள் கேமரா அமைப்புக்கு இசட் அச்சு மேல்நோக்கியது. ஓப்பன்சிமுக்கு ஒய் அச்சு. பாதம் தரையை அழுத்தும் இடத்தை மில்லிமீட்டரில் கொடுத்து, மென்பொருள் அதை மீட்டராக எடுத்துக்கொண்டால் விசையின் அம்புக்குறி அரை கிலோமீட்டர் தள்ளிப் போய் நிற்கும். இவையெல்லாம் நல்ல தவறுகள். தம்மைத் தாமே காட்டிக்கொடுத்துவிடும். அழகாக நடந்துகொண்டே பொய் சொல்பவைதான் ஆபத்தானவை.

மாதிரியை, அதாவது கணினியில் உள்ள எலும்புக்கூட்டை, ஆளின் அளவுக்கு மாற்றும் கட்டத்திலேயே பொய் தொடங்கலாம். ஆளை அசையாமல் நிற்கவைத்து எடுத்த பதிவில், மார்க்கர்களுக்கு (கேமரா பின்தொடர உடலில் ஒட்டும் சிறு குண்டுகளுக்கு) இடையே உள்ள தூரத்தை வைத்து எலும்புகள் நீட்டப்படும், சுருக்கப்படும். தொப்பை உள்ளவருக்கு இடுப்பின் முன்முனையில் ஒட்டும் மார்க்கர் எலும்பிலிருந்து சில சென்டிமீட்டர் முன்னால் நிற்கும். அதைக் கணக்கில் எடுக்காவிட்டால் மாதிரியின் இடுப்பு சாய்ந்துவிடும். அதன்பின் தொடையின் கோணம் முழுக்கத் தவறு.

அடுத்தது, மார்க்கர் பிழையைக் குறைப்பதிலேயே குறியாக இருப்பது. நடக்கும்போது மாதிரியின் மார்க்கருக்கும் பதிவான மார்க்கருக்கும் உள்ள விலகல் அதிகபட்சம் 4 சென்டிமீட்டருக்குள், சராசரி வர்க்கமூலப் பிழை 2 சென்டிமீட்டருக்குள் இருக்கவேண்டும் என்பது ஓப்பன்சிம் பயனர்களின் வழக்கமான அளவுகோல். அதை 5 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்துவிட்டேன் என்று ஒருவர் பெருமையோடு வந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். தொடையில் ஒட்டிய மார்க்கர் தோலோடும் சதையோடும் ஆடுகிறது. எலும்பிலிருந்து 2 சென்டிமீட்டருக்கு மேலும் விலகக்கூடும். பல மாதிரிகளில் முழங்கால் கதவுக் கீல்போல மடங்க மட்டுமே செய்யும். அதைப் பக்கவாட்டிலும் சுழல விட்டால் பிழை சட்டென்று குறையும், உண்மைதான். ஆனால் நீங்கள் அளந்திருப்பது முழங்காலின் சுழற்சியை அல்ல, சதையின் ஆட்டத்தை.

பதிவிலுள்ள வேகமான நடுக்கத்தை வடிகட்டுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மூட்டில் உள்ள முறுக்குவிசையைக் கணக்கிட முடுக்கம் தேவை. இடத்தை இருமுறை வகைக்கெழு எடுத்தால்தான் முடுக்கம் கிடைக்கும். ஒரு மார்க்கர் 1 மில்லிமீட்டர் வீச்சில் நொடிக்கு 20 முறை நடுங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கே தெரியாத நடுக்கம். இருமுறை வகைக்கெழு எடுத்ததும் அது 15.8 மீ/வி² முடுக்கமாக ஊதிவிடுகிறது, புவியீர்ப்பே 9.8தான். அதே நடுக்கம் நொடிக்கு 6 முறை என்றால் வெறும் 1.4. நடைப்பதிவுக்கு 6 ஹெர்ட்ஸ் வடிகட்டியை, அதாவது நொடிக்கு 6 முறைக்கு மேற்பட்ட நடுக்கத்தை அடக்குவதைப் பலரும் வைப்பது இதனால்தான். அந்த 6-ஐ அப்படியே ஓட்டத்துக்கும் குதிப்புக்கும் எடுத்துப்போவது அடுத்த தவறு. குதித்துத் தரையிறங்கும் பதிவில் மார்க்கரை 6 ஹெர்ட்ஸிலும் தரைவிசையை அளக்கும் விசைத்தட்டின் பதிவை 50-லும் வடிகட்டினால், தரையைத் தொட்ட மறுகணம் முழங்காலின் முறுக்குவிசையில் ஒரு கூர்முனை எழும். அதைக் காயத்துக்கான அறிகுறி என்று எழுதிவிடாதீர்கள். அது இரண்டு வடிகட்டிகளுக்கும் உள்ள பொருத்தமின்மை.

இவ்வளவு கோளாறும் ஓரிடத்தில் வந்து சேரும். மாதிரியின் இடுப்புக்கும் தரைக்கும் இடையே உண்மையில் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் பதிவான அசைவும் பதிவான விசையும் நியூட்டனின் விதியோடு ஒத்துப்போகாதபோது, மிச்சத்தை ஈடுகட்ட மென்பொருள் இடுப்பில் ஒரு விசையைத் தானே சேர்த்துக்கொள்கிறது. பொம்மலாட்டப் பொம்மைக்கு மேலே நூல் கட்டியிருப்பதைப் போல. இந்த மிச்சவிசை, வெளிவிசையின் (தரை பாதத்தைத் தள்ளும் விசையின்) உச்சத்தில் 5 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு அது ஏறக்குறைய 35 நியூட்டன். மூன்றரை கிலோ அரிசிப்பையை இடுப்பில் தொங்கவிட்ட மாதிரி. நூல் அதைவிடக் கனமாக இருந்தால் தசைகளின் பக்கமே போகாதீர்கள்.

நூல் மெல்லியதாக இருந்தால் எல்லாம் சரி என்றும் பொருளல்ல. இடதுகால் மிதித்த தட்டின் விசையை வலதுகாலுக்கு எழுதிவைத்தால் மிச்சவிசை இம்மியும் மாறாது, ஏனென்றால் உடலின் மேல் விழும் மொத்த விசை அதேதான். வீசிக்கொண்டிருக்கும் காலின் முழங்காலில் நம்பமுடியாத முறுக்குவிசை தெரியும். அதைத் தேடிப் பார்த்தால்தான் கண்டுபிடிக்கலாம்.

தசைக் கட்டத்தில் இன்னொரு நூல் இருக்கிறது. தசைகளால் முடியாததை ஈடுகட்ட ஒவ்வொரு மூட்டிலும் உதவி மோட்டார்களை வைப்பார்கள். அவற்றைத் தாராளமாக விட்டால் மோட்டார்கள் நடக்கும், தசைகள் வேடிக்கை பார்க்கும். மேலும், பழைய, பிரபலமான ஒரு மாதிரியில் 23 அசைவு வழிகளுக்கு 92 தசைக் கூறுகள். எந்தத் தசை எவ்வளவு இழுத்தது என்பதற்கு எண்ணற்ற விடைகள் உண்டு. மொத்த முயற்சி மிகக் குறைவாக உள்ள விடையை மென்பொருள் தேர்ந்தெடுக்கிறது. முழங்கால் தேய்ந்தவரோ பக்கவாதம் வந்தவரோ அப்படிச் சிக்கனமாக நடப்பதில்லை. எதிரெதிர்த் தசைகளைச் சேர்த்தே இறுக்குகிறார்கள். தசையின் மின்பதிவோடு ஒப்பிடாமல் அந்த விடையை நம்ப முடியாது. பெர்லின் சாரிட்டே மருத்துவமனையில், உணர்கருவி பொருத்திய செயற்கை இடுப்பு மூட்டுகளிலிருந்து நேரடியாக எடுத்த அளவீடுகள் உள்ளன. சாதாரண நடையில் மூட்டின் மேல் விழும் விசை உடல் எடையைப்போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு. உங்கள் கணக்கு ஆறு மடங்கு என்றால் மாதிரியைத் திரும்பப் பாருங்கள்.

கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் இலவச அசைவுத் தொகுப்பை எடுத்து மூட்டுச் சுமை கணக்கிடுபவர்களையும் பார்க்கிறேன். அசைபடத்துக்கு அருமையான தொகுப்பு. மூட்டுச் சுமைக்குத் தேவையான தரைவிசைப் பதிவு அதில் கிடையாது, அவ்வளவுதான்.

ஒருமுறை முதியவர் ஒருவரின் பதிவில், இரண்டு எட்டுகளில் மட்டும் மிச்சவிசை மேல்நோக்கி 80 நியூட்டன் காட்டியது. எடையைச் சரிபார்த்தோம், வடிகட்டியை மாற்றினோம், தட்டைச் சோதித்தோம். இரண்டு நாள் போனது. கடைசியில் ஒரு மாணவி, யாரும் திறக்காத வீடியோவைத் திறந்தாள். முதியவர் தடுமாறிய அந்த இரண்டு எட்டுகளில், பின்னால் வந்த உதவியாளர் அவருடைய இடுப்புப் பட்டையைப் பிடித்துத் தூக்கியிருந்தார்.