குடல்வளரி அழற்சியா, வெடித்த குடல்வளரியா: வீட்டில் கவனிக்க வேண்டியவை

'அப்பெண்டிக்ஸ்' என்று நாம் பொதுவாகச் சொல்லும் குடல்வளரி அழற்சியில் முதலில் செய்ய வேண்டியது, வலி தொடங்கிய நேரத்தை ஒரு தாளில் எழுதி வைப்பதாகும். பெருங்குடலின் தொடக்கத்தில் உள்ள சிறு குழாயான குடல்வளரியின் துவாரம் அடைபடும்போது உள்ளே அழுத்தம் கூடி, இரத்த ஓட்டம் குறைந்து, சுவர் அழுகத் தொடங்குகிறது. முதல் 24 மணித்தியாலங்களில் வெடிக்கும் ஆபத்து பெரும்பாலும் குறைவு. ஏறக்குறைய 36 மணித்தியாலங்களுக்குப் பின்னர் அது வேகமாகக் கூடுகிறது. சிலருக்கு அதற்கு முன்னரே வெடித்துவிடுவதும் உண்டு.

வெடிக்காத நிலையில் வலி தொப்புளைச் சுற்றி மந்தமாகத் தொடங்கி, சில மணித்தியாலங்களில் வலது அடிவயிற்றுக்கு இறங்கும். பசி அற்றுப்போகும், குமட்டலும் வாந்தியும் பெரும்பாலும் வலிக்குப் பின்னரே வரும், காய்ச்சல் 38 பாகை செல்சியசை ஒட்டியே நிற்கும். எங்கே வலிக்கிறது என்று கேட்டால், நோயாளி ஒரே விரலால் ஓரிடத்தைச் சுட்டிக் காட்டுவார். வலது இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து தொப்புளை நோக்கி மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் உள்ள அந்த இடத்தை, 1889 இல் அமெரிக்க சத்திரசிகிச்சை நிபுணர் சார்ல்ஸ் மக்பர்னி விவரித்தார். வயிற்றைத் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்க்க வேண்டாம். ஒரு முறை இருமும்படி சொன்னால் போதும், அந்த இடத்திலேயே சுரீரென்று வலிக்கும்.

வெடித்ததைக் காட்டும் அறிகுறிகளுள் மிகவும் ஏமாற்றுவது, கடுமையாக இருந்த வலி திடீரெனத் தணிவதாகும். உள்ளே இருந்த அழுத்தம் வெளியேறுவதால் வரும் இந்தத் தற்காலிக ஆறுதலைக் கண்டு, 'வாயுதான், ஓமத் தண்ணீருக்குச் சரியாகிவிட்டது' என்று வீட்டார் நிம்மதியடையும் வேளையில், சீழும் கிருமிகளும் வயிற்றறைக்குள் பரவிக்கொண்டிருக்கலாம். பின்னர் வலி வயிறு முழுவதும் படரும். அப்போது நோயாளி விரலால் அல்ல, உள்ளங்கையால் வயிறு முழுவதையும் தடவிக் காட்டுவார். வயிறு பலகைபோல் இறுகி உப்பும். காய்ச்சல் 39 பாகை வரை ஏறலாம். நடுக்கமும் வேகமான நாடித்துடிப்பும் வறண்ட நாக்கும் காணப்படும். சிறுநீரகக் கல் உள்ளவர் வலியில் புரண்டு துடிப்பார். குடல்வளரி வெடித்தவரோ அசைந்தாலே வலிப்பதால் கால்களை மடக்கி அப்படியே கிடப்பார். சிலருக்குச் சீழ் ஓரிடத்தில் அடைபட்டு, வலது அடிவயிற்றில் ஒரு கட்டியும் நாட்கணக்கில் நீடிக்கும் காய்ச்சலும் மட்டுமே தெரியும்.

சிறு குழந்தைகள், முதியவர்கள், கர்ப்பிணிகள், நீரிழிவு நோயாளிகள் ஆகியோரிடம் இந்த ஒழுங்கை எதிர்பார்க்கக் கூடாது. குழந்தையிடம் சோர்வும் வயிற்றோட்டமும் மட்டும் தெரியலாம். மாதவிடாய் தள்ளிப்போன பெண்ணுக்கு அடிவயிற்று வலியும் மயக்கமும் வந்தால், அது கருப்பைக்கு வெளியே தங்கிய கருவாகவும் இருக்கலாம். அதுவும் உடனடியாகப் பார்க்கப்பட வேண்டிய ஆபத்தே.

இரண்டு நிலைகளுக்கும் வைத்தியசாலையே இடம் என்பதால், எது என்று உறுதியாகத் தெரியும் வரை வீட்டில் காத்திருக்க வேண்டாம். உணவு கொடுக்காதீர்கள், பேதி மருந்து, எனிமா, வெந்நீர் ஒத்தடம் எதுவும் வேண்டாம். வெடித்த அறிகுறி ஒன்றேனும் தெரிந்தால், இலங்கையின் இலவச அம்புலன்ஸ் சேவையான 1990 ஐ உடனே அழையுங்கள். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் இருப்போர் பயண நேரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். மண்டூரிலிருந்து குருமண்வெளிக்குப் 'பாதை' எனப்படும் மிதவைப் படகில் வாவியைக் கடந்து வர எண்ணுவோர், பகலில் தொடங்கிய வலியை இரவு வரை பார்த்துக்கொண்டிருக்காமல் வெளிச்சம் இருக்கும்போதே புறப்படுவது நல்லது. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை, அம்பாறை பொது வைத்தியசாலை போன்ற சத்திரசிகிச்சைப் பிரிவுள்ள இடங்களில் இரத்தப் பரிசோதனையும் ஸ்கானும் செய்து நிலையைக் கணிப்பார்கள். வெடிக்காதது என்றால் சத்திரசிகிச்சைக்குப் பின்னர் பெரும்பாலும் ஓரிரு நாட்களில் வீடு திரும்பலாம். வெடித்தது என்றால் வயிற்றறையைச் சுத்தம் செய்வதும் நாளம் வழியாக நுண்ணுயிர்க்கொல்லி கொடுப்பதும் பல நாட்கள் நீளக்கூடும். வலி தொடங்கிய நேரம், இடையில் தணிந்த நேரம், கடைசியாக உண்ட நேரம், கொடுத்த மாத்திரைகளின் பெயர் ஆகியவை எழுதிய தாளை, அனுமதிக்கும்போதே வைத்தியரிடம் கொடுத்துவிடுங்கள்.