நீள லென்ஸ் வாங்க முன்: 4×5 கமராக்காரர் விடும் பிழைகள்

வன்னியில் 4×5 ஃபீல்ட் கமராவோடு (நாலுக்கு ஐந்து அங்குலப் பிலிமில் எடுக்கும், மடக்கிக் காவும் கமரா) திரிகிறவருக்கு ஒருநாள் நீள லென்ஸ் ஆசை வந்தே தீரும். இங்கே நிலம் தட்டை. இரணைமடுக் குளக்கட்டில் நின்று 150 மில்லிமீற்றர் லென்ஸில் அக்கரையை எடுத்தால், மேலே வானம், கீழே தண்ணீர், நடுவில் நூல் போல ஒரு காட்டு விளிம்பு. அந்த நூலைக் கிட்டக் கொண்டுவர 300 வேண்டும் என்று தோன்றும். தோன்றுவது நியாயம். ஆனால் எந்த 300 என்பதில்தான் காசும் காலமும் வீணாகின்றன.

பெரிய பிழை, லென்ஸைப் பற்றி எல்லாம் படித்துவிட்டுக் கமராவை அளக்காமல் இருப்பது. சாதாரணக் கட்டமைப்புள்ள 300 லென்ஸ், தொலைவில் இருப்பதைத் தெளிவாகக் காட்டவே பெல்லோஸை, அதாவது லென்ஸுக்கும் காட்சி விழும் பின்கண்ணாடிக்கும் நடுவில் உள்ள மடிப்புத் துருத்தியை, ஏறக்குறைய 300 மில்லிமீற்றர் இழுக்கச் சொல்லும். கிட்ட உள்ளதற்கு இன்னும் இழுக்க வேண்டும். மடக்கி வைக்கும் 4×5 கமராக்கள் பலவற்றில் பெல்லோஸ் 300ஐ ஒட்டியே முடிந்துவிடும். என்னுடைய மரக் கமரா 310 வரை வரும். அந்தப் பத்து மில்லிமீற்றர் எவ்வளவு கொடுக்கும்? கணக்குப் பார்த்தால் ஒன்பது மீற்றருக்குக் கிட்ட எதையும் தெளிவாக்க முடியாது. குளக்கட்டின் கீழே ஒரு பாலை மரம் நிற்கிறது, பட்டை முழுக்கச் சதுரம் சதுரமாக வெடித்தது. மூன்று மீற்றரில் நின்று அந்தப் பட்டையை எடுக்கப் பார்த்தேன். சட்டம் முழுதாக வெளியே வந்து, திருகி திருகிக் கடைசிப் பல்லில் முட்டி நின்றது. பின்கண்ணாடியில் மரம் புகைபோலத்தான் தெரிந்தது.

ஆகவே லென்ஸ் விலை பார்க்க முன் ஒரு தையல் நாடாவை எடுங்கள். பெல்லோஸை முழுதாக இழுத்து, லென்ஸ் பூட்டும் பலகையான லென்ஸ் போர்ட்டில் இருந்து பின்கண்ணாடி வரை அளவுங்கள். வந்த அளவையும் லென்ஸின் குவிய நீளத்தையும் (300 லென்ஸ் என்றால் 300) பெருக்கி, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தால் பிரித்தால், எவ்வளவு கிட்டப் போகலாம் என்பது வந்துவிடும். 330 வரை இழுபடும் கமராவில் 300 லென்ஸ் 3.3 மீற்றர் வரை வரும். 300 மட்டுமே இழுபடும் கமராவில் 240 லென்ஸ் 1.2 மீற்றருக்கே வந்துவிடும். முறிகண்டிப் பிள்ளையார் முன்றலில் சிதறிய தேங்காய்ச் சிரட்டையைக்கூட எடுக்கலாம். அப்படிக் கிட்டப் போகும்போது வெளிச்சக் கணக்கையும் கூட்ட வேண்டும்: 240ஐ 300 வரை இழுத்தால் ஏறக்குறைய மூன்றில் இரண்டு ஸ்டொப் (ஒரு ஸ்டொப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு) கூடுதலாகக் கொடுங்கள்.

பெல்லோஸ் குறுகியதென்றால் டெலிஃபோட்டோ வாங்கலாமே என்பார்கள். அது வேறு வகைக் கட்டமைப்பு. தொலைவுக்குக் குவிய நீளத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இழுப்பே போதும். ஆனால் இரண்டு விடயங்களை மறந்துவிடுகிறார்கள். கிட்டக் குவிக்கக் கூட்டி இழுக்கும் அளவு அதன் முழுக் குவிய நீளத்தையே பொறுத்தது; அதில் சலுகை இல்லை. அடுத்தது, லென்ஸைத் தாங்கும் முன்சட்டத்தைச் சாய்க்கும்போது படம் லென்ஸுக்கு முன்னால் உள்ள ஒரு புள்ளியைச் சுற்றித் திரும்புவதால், காட்சி பின்கண்ணாடியை விட்டே நழுவும். வயல்வெளியில் வரம்பில் இருந்து தூரத்துப் பனை வரை தெளிவாக்கச் சாய்வைப் பயன்படுத்துகிறவருக்கு இது பெரிய அலுப்பு. பெரும்பாலான டெலிஃபோட்டோக்கள் பாரமும் கூட. தூரத்தை மட்டும், நேராக எடுப்பவர்தான் அதை வாங்கலாம்.

பாரம் என்றதும் என் கதை. நான் முதலில் வாங்கியது எஃப் 5.6 உள்ள ஒரு 300 (எஃப் எண் சிறிதென்றால் லென்ஸின் வாய் பெரிது). வெளிச்சம் கூட வரும், பின்கண்ணாடி பளிச்சென்று தெரியும் என்று விற்றவர் சொன்னார், பொய்யில்லை. ஆனால் அந்த வகை கொப்பல் 3 என்ற பெரிய அளவு ஷட்டரில் வரும். ஒரு கிலோவைத் தாண்டும். அதை முன்சட்டத்தில் மாட்டி பெல்லோஸை முழுதாக இழுத்த நிலையில், வைகாசி மாதத்துச் சோளகக் காற்றில் குளக்கட்டின் மேல் நின்றேன். பட்டமரத்தில் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்த ஒரு நீர்க்காகம் பின்கண்ணாடியில் தலைகீழாக இருந்தது. காற்று ஒருமுறை வீச, பெல்லோஸ் கப்பற்பாய்போலப் புடைத்தது, நீர்க்காகம் ஒரு விரலளவு போய் வந்தது. அன்று எடுத்த நான்கு பிலிமிலும் மரம் இரட்டையாக விழுந்திருந்தது.

பாரம் குறைந்த லென்ஸ்கள் எஃப் 9 அளவில் வரும்; அதை இருட்டு என்று பயப்பட வேண்டாம். நீள லென்ஸில் ஒளி பின்கண்ணாடி முழுதும் சமமாக விழும், மூலைகள் கறுக்காது. கறுப்புத் துணியை ஒழுங்காகப் போர்த்தினால் வன்னி வெயிலில் எஃப் 9 தாராளம். எடுப்பது எஃப் 22 இல், 32 இல். பிறகு ஏன் 5.6ஐச் சுமக்க வேண்டும்?

நான் சொல்வது இந்த மூன்றில் ஒன்றை. நிக்கோர்-எம் 300 எஃப் 9: கொப்பல் 1, 290 கிராம். ஃபுஜினன்-சி 300 எஃப் 8.5: அதுவும் கொப்பல் 1, அதே சின்ன உடம்பு. பெல்லோஸ் 330க்கு மேல் போகுமானால் இவற்றில் எது நல்ல நிலையில் கிடைக்கிறதோ அதை எடுங்கள். இரண்டுக்கும் இடையில் தலையை உடைக்கத் தேவையில்லை. பெல்லோஸ் 300ஓடு முடிகிறதென்றால் ஃபுஜினன்-ஏ 240 எஃப் 9. அது கொப்பல் 0 இல் வருகிறது, உள்ளங்கைக்குள் அடங்கும். மூன்றுக்கும் 52 மில்லிமீற்றர் ஃபில்டரே போதும் என்பதால் ஒரு மஞ்சள் ஃபில்டர் எல்லாவற்றுக்கும் ஆகும். 240க்கும் 300க்கும் படத்தில் வித்தியாசம் உண்டு, ஆனால் பத்தடி முன்னால் நடந்தால் தீருகிற வித்தியாசம் பல இடங்களில். குளத்தின் அக்கரைக்கு நடக்க முடியாதுதான். அங்கே பிலிமை வெட்டிப் பெருப்பியுங்கள், 4×5 அதைத் தாங்கும்.

அச்சகங்களில் பாவித்த, ஷட்டர் இல்லாத பழைய லென்ஸ்கள் மலிவாக வரும். கண்ணாடி அருமையானது. ஆனால் ஷட்டர் பொருத்திக் கொடுக்கும் பட்டறை கிளிநொச்சியிலும் இல்லை, வவுனியாவிலும் நான் கண்டதில்லை. மினக்கெட வேண்டாம்.

இவை எல்லாம் இனிப் பழையதாகத்தான் கிடைக்கும். நிக்கோன் பெரிய பிலிம் லென்ஸ்களை 2006 இல் நிறுத்துவதாக அறிவித்தது. பலர் யப்பானில் இருந்து எடுப்பிக்கிறார்கள். திருப்பி அனுப்பும் செலவும் சுங்கமும் சேர்ந்தால் நிறையக் காசு போய்விடும் என்பதால், காசு கட்ட முன்னரே கேளுங்கள்: கண்ணாடிக்குப் பின்னால் ரோச் அடித்து எடுத்த படம் ஒன்று, ஒரு செக்கனில் ஷட்டர் திறந்து மூடுகிற வீடியோ ஒன்று. பூஞ்சணம் இருந்தால் ரோச் வெளிச்சத்தில் சிலந்தி நூல்போலத் தெரியும். எண்ணெய் காய்ந்த ஷட்டர் ஒரு செக்கனில் இழுத்து இழுத்து மூடும், சில நேரம் மூடாமலே நிற்கும். வந்த பிறகும் மாரி தொடங்க முன் மூடி இறுகுகிற டப்பா ஒன்றில் சிலிக்கா ஜெல்லோடு போடுங்கள். தோல் பைக்குள் மட்டும் வைக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பூஞ்சணம் தோலில்தான் முதலில் பிடிக்கும், அங்கிருந்து கண்ணாடிக்கு வரும்.