லிப்ரேஆபிஸில் பிழை கண்டால் யாரிடம் சொல்வது?

மண்டபம் ஊரில் என் கணினிக் கடைக்கு வருகிறவர்கள், கடிதம், கணக்கு எழுத உதவும் இலவச மென்பொருளான லிப்ரேஆபிஸில் தமிழ் எழுத்து உடைந்தால் "கம்பெனிக்குப் போன் போடுங்கள், அண்ணே" என்கிறார்கள். அங்கே போன் எடுக்கக் கம்பெனி இல்லை. 2010-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தைத் தாங்குவது பெர்லினில் பதிவான ஓர் அறக்கட்டளை. நிரல் எழுதுவோரில் தன்னார்வலரும் உண்டு, சம்பளக்காரரும் உண்டு. எல்லோரும் சும்மா உழைக்கிறார்கள் என்பதும் தவறுதான்.

முதலில் புதிய பதிப்பைப் போட்டுப் பாருங்கள். குறை தொடர்ந்தால், பிழைகளைப் பதியும் பக்ஸில்லா என்ற இணையப் பதிவேட்டில் அதை வேறு யாராவது ஏற்கெனவே சொல்லியிருக்கிறார்களா என்று தேடுங்கள். இல்லையென்றால் பதிப்பு எண், இயங்குதளம், எழுத்துரு, என்ன செய்தபோது என்ன வந்தது என்று எழுதுங்கள். "தமிழ் வேலை செய்யவில்லை" என்ற ஒற்றை வரியை வைத்து எவராலும் எதையும் பிடிக்க முடியாது. உங்கள் இறால் ஏலக் கணக்குக் கோப்பை அப்படியே இணைத்துவிடாதீர்கள்; பதிவேடு ஊருக்கே திறந்தது! குறை தெரியும் இரண்டு வரிகளை மட்டும் தனிக் கோப்பாக்குங்கள்.

பதில் வர மாதங்கள் ஆகலாம். அதட்டினால் வேகம் கூடாது.

"இதன் நிரலை யார் வேண்டுமானாலும் மாற்றலாமே, பத்திரமா?" என்றார் கீழக்கரைக்காரர் ஒருவர். தம் பிரதியில் மாற்றலாம். பொதுப் பதிப்பில் சேர வேண்டுமென்றால், நிரல் மாற்றங்களைச் சரிபார்க்கும் கெரிட் தளத்தில் பரிசீலனையைத் தாண்டியாக வேண்டும். நிரல் தெரியாதவர்கள் வெப்லேட் என்ற மொழிபெயர்ப்புத் தளத்தில் மெனுக்களின் தமிழாக்கத்தைத் திருத்தலாம். அங்கே வேலை நிறையவே கிடக்கிறது.