விஞ்ச் கழற்றும் முன் ஒரு அட்டைப்பெட்டி

பாய்மரப் படகில் விஞ்சை (பாய்க் கயிற்றைச் சுற்றி இழுத்து இறுக்கும் கருவி) சுற்றும்போது வரும் 'டிக் டிக்' சத்தம் மந்தமாகிவிட்டால், உள்ளே கிரீஸ் கெட்டியாகி, டிரம் (கயிறு சுற்றும் வெளி உருளை) பின்னோக்கிச் சுற்றாமல் தடுக்கும் சின்னத் தாழ்கள் ஒட்டிக்கொள்கின்றன என்று அர்த்தம். கழற்றுவதற்கு முன், ஒரு அட்டைப்பெட்டியின் அடியில் விஞ்ச் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு அதன்மேல் மாட்டிவிடுங்கள். நகத்தளவு ஸ்பிரிங் துள்ளினாலும் பெட்டிக்குள்தான் விழும், கடலுக்குள் போகாது (என்னுடையது ஒன்று போயிருக்கிறது). பாகங்களை மண்ணெண்ணெயில் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, துடைத்து, பல்சக்கரங்களுக்கும் பேரிங்குக்கும் மட்டும் மெல்லிசாக கிரீஸ் தடவுங்கள். தாழ்களுக்கு கிரீஸ் கூடவே கூடாது, ஒரு சொட்டு லேசான எண்ணெய் போதும். அப்புறம், டிரம்மை மாட்டுவதற்கு முன் ஒவ்வொரு தாழையும் விரலால் அமுக்கி விடுங்கள், டக்கென்று வெளியே வரவேண்டும்.