ஒரு டன் கரியின் பின்னாலேயே போங்கள்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஆந்த்ரசைட் என்ற கடின நிலக்கரி ரயில் கம்பெனிகளின் பிடியில் இருந்த கதையைப் பொருளியல் வகுப்பில் பல வருடமாக எடுக்கிறேன். சட்டத்திலிருந்து ஆரம்பித்தால் யாருக்கும் பிடிபடாது. தண்டவாளத்திலிருந்து ஆரம்பியுங்கள்.

ஒரு தாளில் ஸ்க்ராண்டன், வில்க்ஸ்-பேரி, ஹேசில்டன், பாட்ஸ்வில் என்று நான்கு புள்ளி வையுங்கள். அமெரிக்காவின் ஆந்த்ரசைட் கிட்டத்தட்ட முழுக்க அந்த வட்டாரத்தில்தான். கண்ணாடி போல மின்னும். எரித்தால் புகையே தெரியாது. கிழக்குக்கரை நகரங்களில் வீட்டு அடுப்புக்கு அதைத்தான் தேடி வாங்கினார்கள். அங்கிருந்து துறைமுகங்களுக்கு, ரயில் கம்பெனிக்கு ஒன்றாகக் கோடு போடுங்கள்: ரீடிங், லீஹை வேலி, லக்கவானா, ஜெர்சி சென்ட்ரல், டெலவேர் அண்ட் ஹட்சன். இன்னும் இரண்டு மூன்று போட்டால் தீர்ந்தது.

இப்போது சின்னச் சுரங்க முதலாளியாக உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். வாசலுக்கு வருவது ஒரே பாதை. வேகன் வராவிட்டால் வெட்டிய கரி அப்படியே கிடக்கும். 1901 வாக்கில் பரவிய ஒப்பந்தப்படி, சுரங்கம் தீரும்வரை கரி முழுவதையும் ரயில்காரர்களுக்கே விற்க வேண்டும். துறைமுகச் சராசரி விலையில் 65 சதவீதம் உங்களுக்கு. டன் 4 டாலர் என்றால் கைக்கு வருவது 2.60.

‘சொந்தமாகப் பாதை போடலாமே?’ என்று மாணவர்கள் உடனே கேட்பார்கள். போடப் பார்த்தார்கள். 1890களின் கடைசியில் தனி முதலாளிகள் புது ரயில்பாதைக்குத் திட்டமிட்டார்கள். ரயில் கம்பெனிகள் கூடி, டெம்பிள் அயர்ன் என்ற சின்ன இரும்புக் கம்பெனியை முன்னே நிறுத்தி, திட்டத்துக்குத் தூணாக இருந்த சிம்ப்சன் அண்ட் வாட்கின்ஸ் சுரங்கங்களை வாங்கிவிட்டன. பாதை வரவே இல்லை. இந்த இடத்தில் நிதானமாக நில்லுங்கள். மொத்தப் பிடியும் இதில் தெரியும்.

நிலத்தையும் பாருங்கள். 1871இல் ரீடிங் தலைவர் ஃபிராங்க்ளின் கோவன், துணைக் கம்பெனி வழியாகக் கரிநிலம் வாங்கத் தொடங்கினார். சில வருடத்தில் ஏறத்தாழ 1,00,000 ஏக்கர். 1873இல் கம்பெனிகள் கரியைப் பங்கு பிரித்து, நியூயார்க் விலையை டன் 5 டாலராக வைத்தன. 1902இல் ஏறத்தாழ 1,47,000 தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, அதைத் தீர்க்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் கூட்டிய பேச்சில் முதலாளிகளாக உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் ரயில்காரர்கள்.

சட்டம் கடைசியில் வரட்டும். ஒவ்வொன்றிலும் ஓட்டை எங்கே என்று தேடுங்கள். 1906: சொந்தக் கரியை ரயில் கம்பெனி மாநிலம் தாண்டி ஏற்றக்கூடாது என்று சட்டம் வந்தது. 1909: கரிக் கம்பெனியில் ரயில் கம்பெனி பங்கு மட்டும் வைத்திருந்தால் குற்றமில்லை என்றது உச்ச நீதிமன்றம். அதே வருடம் லக்கவானா தன் பங்குதாரர்களையே வைத்துத் தனிக் கரிக் கம்பெனி தொடங்கியது. 1912இல் அதே நீதிமன்றத்தில் டெம்பிள் ஏற்பாடும் 65 சதவீத ஒப்பந்தமும் செல்லாது என்றானது. 1915இல் லக்கவானாவின் ஏற்பாடு விழுந்தது. 1920இல் ரீடிங்கின் ரயிலையும் கரியையும் பிரிக்க உத்தரவு. இந்த வருடங்களை உங்கள் படத்தில் அந்தந்தக் கோட்டின் மேலேயே எழுதிக்கொள்ளுங்கள்.