தக்காளியையும் மெஸ் பில்லையும் வைத்துப் பொருளாதாரம் படிப்பது எப்படி?

பொருளாதாரம் புதிதாகப் படிக்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். தேவைக் கோடு இறங்கும், அளிப்புக் கோடு ஏறும், இரண்டும் வெட்டிக்கொள்கிற இடம் சமநிலை விலை, இதெல்லாம் மனப்பாடம் ஆகிவிடும். ஆனால் அன்றைக்குச் சாயங்காலமே தக்காளி கிலோவுக்கு இருபது ரூபாய் ஏறியிருந்தால் ஏன் என்று சொல்ல வராது. அதனால் நான் யாருக்குச் சொல்லிக்கொடுத்தாலும் கோடு போடுவதை அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளி வைத்துவிட்டு, ஒரு கேள்வியை மட்டும் முதலில் கையில் கொடுப்பேன்: இந்த வியாபாரத்தில் யாரால் விலகிக்கொள்ள முடியும், யாரால் முடியாது? சந்தை, கடை, வரி மூன்றுக்கும் இந்தக் கேள்வி கூடவே வரும்.

ஒரு 40 பக்க நோட்டு வாங்குங்கள். மூன்று வாரத்துக்குத் தினமும் ஒரே கடையில், ஒரே நேரத்தில், தக்காளி விலையையும் வாழைக்காய் விலையையும் எழுதுங்கள். பக்கத்திலேயே உங்கள் வீட்டில் என்ன செய்தார்கள் என்றும் எழுத வேண்டும், அதுதான் முக்கியம். தக்காளி ஏறினால் வீட்டில் ஒரு கிலோவுக்குப் பதில் அரைக் கிலோ வாங்கியிருப்பார்கள், ரசத்தில் புளியைக் கூட்டியிருப்பார்கள், ஆனால் அடியோடு நிறுத்தியிருக்க மாட்டார்கள். வாழைக்காய் ஏறினால் பேசாமல் கத்தரிக்காய்க்கு மாறிவிடுவார்கள். பாடப் புத்தகத்தில் 'தேவை நெகிழ்ச்சி' என்று ஒரு பக்கம் முழுக்க இருப்பது இதுதான். எளிதில் விலகக்கூடிய பொருளுக்கு நெகிழ்ச்சி அதிகம், விலக முடியாததற்குக் குறைவு.

இப்போது விற்கிறவர் பக்கம். 2023 ஜூலையில் சென்னையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது, அரசே ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்க வேண்டி வந்தது. விலை இவ்வளவு ஏறினால் விவசாயிகள் உடனே அதிகம் அனுப்ப வேண்டியதுதானே என்று தோன்றும். முடியாது. நாற்று நட்டுக் காய் பறிக்கவே இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். இருக்கிற காயைத்தான் மதனப்பள்ளியிலிருந்தும் கோலாரிலிருந்தும் கோயம்பேட்டுக்கு ஏற்ற முடியும், அதை வைத்துக்கொள்ளவும் முடியாது, அழுகிவிடும். வாங்குகிறவராலும் விலக முடியவில்லை, விற்கிறவராலும் உடனே கூட்ட முடியவில்லை. இப்படி இரண்டு பக்கமும் இறுகியிருக்கும்போது சந்தைக்கு வருகிற காயில் சிறு குறைவு வந்தாலும் விலை தாவும். அந்த விலையைப் பார்த்து எல்லோரும் நட்ட காய் சேர்ந்து வந்ததும் செப்டம்பரில் விலை மடமடவெனச் சரிந்தது. உங்கள் நோட்டிலும் ஏற்றம் வந்தால், அன்றிலிருந்து எழுபது எண்பது நாள் கழித்து என்ன விலை என்று ஒரு பக்கத்தைக் காலியாக விட்டு வையுங்கள்.

விலை சரிந்த அந்தச் சமயங்களில்தான் விவசாயிகள் காயைப் பறிக்காமல் செடியிலேயே விடுகிற செய்தி வரும். பார்க்க மனசு கேட்காது, ஏழைக்காவது கொடுக்கக்கூடாதா என்று பலர் கோபப்படுவார்கள். கணக்கைப் போட்டுப் பாருங்கள். நாற்று, உரம், மருந்துக்குச் செலவழித்த பணம் போனது போனதுதான், பறித்தாலும் வராது, பறிக்காவிட்டாலும் வராது. இனிமேல் ஆகிற செலவு பறிகூலி, பெட்டி, லாரி வாடகை, கமிஷன். ஒரு பெட்டிக்கு இதெல்லாம் சேர்த்து 120 ரூபாய் ஆகி, மண்டியில் 90 ரூபாய்தான் கிடைக்கும் என்றால், பறிக்கிற ஒவ்வொரு பெட்டிக்கும் அவர் இன்னும் 30 ரூபாய் இழக்கிறார். அவர் பறிக்காமல் விடுவது திமிரினால் அல்ல, மேலும் கடன்படாமல் இருக்கத்தான்.

இதே கணக்கு மெஸ்ஸிலும் நடக்கிறது. நான் சாப்பிடுகிற மெஸ்ஸில் மதியச் சாப்பாடு முடிந்ததும் மூன்றிலிருந்து ஆறு மணி வரை டீயும் பஜ்ஜியும் போடுவார்கள். பெரிய கூட்டம் இருக்காது. "இதுல வாடகைகூடத் தேறாதே அண்ணாச்சி, எதுக்கு இந்தச் சிரமம்?" என்று மெஸ் நடத்துகிறவரிடம் கேட்டேன். "தம்பி, நான் கடையை அடைச்சா வாடகை குறையுமா?" என்றார். ஒரு பாடத்தையே அவர் அந்த ஒரு வரியில் முடித்துவிட்டார். ஒரு பேச்சுக்கு, ஒரு நாள் வாடகை 1,000 ரூபாய் என்று வையுங்கள். அந்த மூன்று மணி நேரத்துக்கு எண்ணெய், கடலை மாவு, பால், கேஸ், மாஸ்டரின் கூடுதல் கூலி 900 ரூபாய், விற்பனை 1,300. வாடகை மாறாச் செலவு, திறந்தாலும் மூடினாலும் உண்டு. மற்ற 900 மாறும் செலவு. மிஞ்சும் 400 ரூபாய் வாடகைக்குக் கைகொடுக்கிறது, ஆகவே திறக்கலாம். விற்பனை 900க்குக் கீழே போனால் அடைத்துவிடலாம். ஆனால் பதினொரு மாத ஒப்பந்தம் முடிகிறபோது வாடகையிலிருந்தும் அவர் விலகிக்கொள்ள முடியும், அப்போது முழு நாளின் வருமானம் முழுச் செலவையும் தாங்குகிறதா என்றுதான் பார்ப்பார். குறுகிய காலம், நீண்ட காலம் என்று புத்தகம் சொல்வது நாள் கணக்கை அல்ல, எதிலிருந்து விலக முடிகிறது என்பதைத்தான்.

இன்னொன்று, தக்காளி 100 ரூபாயானாலும் அண்ணாச்சி சாப்பாட்டு விலையை ஏற்றவில்லை. சட்னி வாளியில் தக்காளிச் சட்னி போய்த் தேங்காய்ச் சட்னி வந்தது, தக்காளி சாதம் இருந்த கிழமையில் எலுமிச்சை சாதம் வந்தது. பலகையில் விலையை மாற்றினால் தினசரி வருகிறவர் பத்துக் கடை தள்ளிப் போய்விடுவார் என்று அவருக்குத் தெரியும். விலையை மட்டும் எழுதினால் இது உங்கள் நோட்டில் விழாது, அதனால் என்ன பரிமாறினார்கள் என்றும் எழுதுங்கள்.

சரி, வரி. பில்லில் ஜிஎஸ்டி என்று தனியாகப் போட்டிருப்பதால் முழுதும் நாம்தான் கட்டுகிறோம் என்று நினைக்கிறோம். யார் பெயரில் எழுதியிருக்கிறது என்பது வேறு, யார் தலையில் விழுகிறது என்பது வேறு. 2017 நவம்பரில் பெரும்பாலான உணவகங்களுக்கு ஜிஎஸ்டியை 5 சதவீதமாகக் குறைத்தார்கள். அதற்கு முன் ஏசி உணவகங்களில் 18 சதவீதம். கூடவே, வாங்குகிற பொருளுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் வசதியை எடுத்துவிட்டார்கள். பல உணவகங்கள் உடனே பட்டியல் விலையை உயர்த்தின. 100 ரூபாய்ப் பண்டம் முன்பு 118 ஆனது. வரி மட்டும் குறைந்திருந்தால் 105 ஆகியிருக்கும். பட்டியல் விலையை 110 ஆக்கிவிட்டால் பில் 115 ரூபாய் 50 காசு. வரி 13 சதவீதப் புள்ளி குறைந்தும் நம் கைக்கு வந்தது இரண்டரை ரூபாய்தான். பெட்ரோலையும் இப்படியே பாருங்கள். அது ஜிஎஸ்டிக்குள் இல்லை, மத்திய அரசின் கலால் வரியும் மாநிலத்தின் மதிப்புக் கூட்டு வரியும் உண்டு. நாளைக்கு வேலைக்குப் போகாமல் இருக்க முடியாது, அதனால் அந்தச் சுமையில் பெரும்பகுதி வண்டி ஓட்டுகிறவர்மேல்தான் வருகிறது.

நோட்டின் கடைசிப் பக்கத்துக்கு இரண்டு பில் வேண்டும். ஒன்று 5 சதவீதம் தனியாகப் போடுகிற உணவகத்தில் வாங்கியது. இன்னொன்று தொகுப்பு முறையில், அதாவது சிறு வியாபாரிகளுக்கான எளிய ஜிஎஸ்டி முறையில், பதிவு செய்த சிறு கடையில் வாங்கியது, அங்கே வாடிக்கையாளரிடம் வரி என்று தனியாக வாங்கக்கூடாது, கடைக்காரர் தன் விற்பனையில் 5 சதவீதத்தைக் கட்டுவார். இரண்டு இடத்திலும் ஒரே மசால் தோசையைச் சாப்பிட்டு, பில்லை ஒட்டி, அந்தத் தெருவில் எத்தனை டிபன் கடை இருக்கிறது என்றும் எண்ணி எழுதுங்கள், சாப்பிடுகிறவரால் எவ்வளவு எளிதாக விலகிக்கொள்ள முடியும் என்பது அதில்தான் தெரியும். ஒரே ஒரு கடை இருக்கிற ஆஸ்பத்திரி வாசலிலும், வரிசையாக ஆறு கடை இருக்கிற பஸ் ஸ்டாண்டிலும் இதைச் செய்து பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது.